சாட்சியில்லாத காற்று

மருத்துவமனையில் வலி எவ்வளவு என்று கேட்டார்கள். பாத்திரக்கடைக்காரர் ஒன்பது என்றார். இதற்குப் பிறகு நடந்த அத்தனை குளறுபடிக்கும் இந்த ஒரு பதில்தான் காரணம்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். யாராவது "எவ்வளவு?" என்று கேட்டால் அவர் வாயில் அசல் எண் வராது. வருவது பேச்சுக்கு ஒரு தொடக்கம். ஒன்பது என்றால் எதிராளி முகத்தைச் சுளிக்க வேண்டும். "நாலு" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் இரண்டடி நடக்க வேண்டும். இவர் கூப்பிட வேண்டும், அவர் திரும்ப வேண்டும், ஆறில் முடிய வேண்டும். கடைத்தெருவில் முதல் எண்ணுக்கே சரி என்று தலையாட்டுகிறவனைப் பார்த்தால் விற்கிறவனுக்குச் சந்தேகம் வரும்.

கேட்ட வலி அதிகாரி தலையாட்டினார். பலகையில் ஒன்பது என்று எழுதினார்.

கடைக்காரருக்குச் சந்தேகம் வந்தது. "சார், கொஞ்சம் பாத்துப் போட்டுக்கலாமே," என்றார்.

"பாத்துதான் போட்டிருக்கேன். ஒன்பதுக்கு உண்டானது வரும்."

ஒன்பதுக்கு உண்டானது ஒரு ஊசியில் வந்தது. மாடு படுக்கும் அளவு. கடைக்காரர் புதன்கிழமையின் மிச்சத்தைக் கூரையில் மிதந்தபடி கழித்தார்.

அன்று காலையில்தான் அவருடைய பித்தப்பையை எடுத்திருந்தார்கள். வயிற்றில் நான்கு சின்ன ஓட்டை போட்டு, உள்ளே காற்றடித்து உப்ப வைத்து, ஒரு ஓட்டையில் கேமராவை விட்டு, இன்னொரு ஓட்டை வழியாகப் பையை உருவிவிட்டார்கள். வேலை சுத்தம். அறுவை டாக்டர் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். "நல்லா முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வயிற்றைத் தேடிப் போய்விட்டார். டாக்டர் சொன்னால் போகலாம் என்று நினைத்தது கடைக்காரரின் இரண்டாவது தப்பு.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர். அவருக்குக் குடலிறக்கம், அதே மாதிரி ஓட்டைகள். கடைக்காரரின் வயிற்றை எட்டிப் பார்த்தார். "நாலு காஜா. சுத்தமா போட்டிருக்காங்க அண்ணே. பட்டன்தான் பாக்கி."

"நீங்க எத்தனை நாளா இருக்கீங்க?"

"பன்னெண்டு."

"அவ்வளவு பெரிய ஆபரேஷனா?"

"ஆபரேஷன் முக்கால் மணி நேரம். மிச்சம் காத்துக்காகக் காத்திருக்கேன்."

வியாழக்கிழமை காலை குடல் அதிகாரி வந்தார், ஓர் அம்மா. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், இடுப்பில் மூன்று முத்திரைகள் தொங்கும் சங்கிலி. வயிற்றில் நான்கு இடத்தில் வைத்துக் கேட்டார். கடைக்காரர் பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்ப்பதும் இப்படித்தான் என்பதால் மரியாதையாகப் படுத்திருந்தார்.

"சத்தமே இல்லையே. காத்து போச்சா?"

"எங்கே போச்சான்னு கேக்கறீங்க?"

"கீழ."

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தார்.

"இல்லீங்க அம்மா. ஆனா நேத்து நீங்கதானே உள்ள காத்து அடைச்சீங்க? அது இருக்குமே?"

"நாங்க அடைச்ச காத்து வேற. நீங்க விடவேண்டிய காத்து வேற. எங்க காத்து நெஞ்சுக்குக் கீழ தங்கி தோள்ல வலிக்கும். உங்க காத்து போனாதான் குடல் முழிச்சிருக்குன்னு அர்த்தம். குடல் முழிச்சாதான் சோறு. சோறு செரிச்சாதான் வீடு. அதுவும் அங்கீகரிக்கப்பட்ட சாட்சி முன்னால போகணும். பதிவாகாத வாயு, வாயு இல்ல."

தோள் உண்மையிலேயே வலித்தது. கடைக்காரர் அதை வலி அதிகாரியிடம் சொன்னார்.

"தோள் என் பிரிவு இல்ல. எனக்கு வயித்து வலிக்குத்தான் அதிகாரம்," என்றார் அவர். எலும்புப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எலும்புப் பிரிவில், "எங்க விழுந்தீங்க?" என்றார்கள்.

"விழலீங்க."

"விழாதவங்க இங்க வரக்கூடாது."

சக்கர நாற்காலி திரும்பி வந்தது. வந்த வழியில் ஒரு மேடு தட்டியதில் வயிறு உண்மையாகவே ஒரு ஆறு காட்டியது. ஆனால் அப்போது யாரும் எவ்வளவு என்று கேட்கவில்லை.

மதியம் வலி அதிகாரி கேட்டார். கடைக்காரர் உஷாராகிவிட்டிருந்தார். இவர்கள் பேரம் பேசவில்லை என்றால் தானே இறங்கிவர வேண்டியதுதான். "ஆறு வெச்சுக்கங்க சார்."

"பிரமாதம்! ஒன்பது ஆறாயிடுச்சு. மருந்து வேலை செய்யுது. இன்னொண்ணு போடுங்க."

"அப்ப ஏழு."

"ஏறுதா? ரெண்டு போடுங்க."

இறங்கினாலும் ஊசி, ஏறினாலும் ஊசி. தன் கடையில்கூட வாடிக்கையாளரை இப்படி இரண்டு பக்கமும் மடக்க முடிந்ததில்லையே என்று கடைக்காரருக்கு ஒரு கணம் பொறாமை வந்தது. பிறகு மிதக்க ஆரம்பித்தார்.

அந்த ஊசி குடலைத் தூங்க வைக்கும் என்பது குடல் அதிகாரிக்குத் தெரியும். ஊசி போடுவது யார் என்பதும் தெரியும். "வலிப் பிரிவுக்கு எழுதியிருக்கேன்," என்றார். இரண்டு அதிகாரிகளுக்கும் ஒரே அறை, நடுவில் ஓர் அலமாரி. ஒருவர் தும்மினால் இன்னொருவர் மேஜையில் காகிதம் பறக்கும். ஆனால் கடிதம் மூன்று மாடி இறங்கி, பதிவாகி, மூன்று மாடி ஏறித்தான் அலமாரியின் அந்தப் பக்கம் போகும். போன வருஷம் எழுதிய கடிதத்துக்கு, "தங்கள் கருத்து வலிக்குரியதா குடலுக்குரியதா எனத் தெளிவுபடுத்தவும்" என்று இப்போதுதான் பதில் வந்திருந்தது.

குடலை எழுப்ப அவர்களிடம் வேறு வழிகள் இருந்தன. ஒரு நாளைக்கு மூன்று வேளை அரைமணி நேரம் சூயிங்கம் மெல்ல வேண்டும். வாய் மெல்வதைப் பார்த்துச் சோறு வருகிறது என்று குடல் ஏமாந்து எழுந்துகொள்ளுமாம். நல்ல யோசனைதான். அதை அப்படியே விட்டிருந்தால் பலித்திருக்கும். அதற்கும் ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள். அவர் மடியில் பலகையோடு எதிரே உட்கார்ந்து எண்ணினார்.

"சார், நிமிஷத்துக்கு நாப்பத்தி ரெண்டு வருது. அம்பது இருக்கணும்."

"தாடை வலிக்குது."

"தாடை எங்க பிரிவு இல்ல."

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். எண்ணுகிறவர் எழுந்து போனதும் குனிந்து காதில் சொன்னார்: "ஏங்க, வீட்டுல கூடத்துல நாலு பேரு உக்காந்திருக்கும்போது விடுவீங்க. மதில் தாண்டிக் கேக்கும். இங்க வந்து என்ன புதுசா கௌரவம்?"

"நான் என்ன வெச்சுக்கிட்டா இல்லைன்னு சொல்றேன்?"

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு ரயில். ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருந்தது. அது மட்டும்தான் இருந்தது.

மகள் கப்பலில் இன்ஜினியர். சனிக்கிழமை ரயிலேறி, துறைமுகம் போய், கப்பலேறினால் திரும்ப ஒன்பது மாதம். படிக்கப் போன நாலு வருஷமும் ஒரு தடவைகூட அவர் அவளை ரயிலேற்றப் போனதில்லை. ஒவ்வொரு தடவையும் கடையில் ஆளில்லை. ஒரு தடவை ஆள் இருந்தும் ஒரு டஜன் இட்லிச் சட்டிக்கு ஒருவர் வந்துவிட்டார். இந்தத் தடவை வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

சாயங்காலம் மகள் வந்தாள். மெல்கிற அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வர முடியலைன்னா பரவாயில்லப்பா. இங்கயே டாட்டா காட்டிக்கலாம்."

"வரேன்னு சொன்னா வரேன்."

"நீங்க சொல்றதுல பாதியத்தானே எடுத்துக்கணும்? கேட் வரைக்கும் வருவீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கடைக்காரரும் சிரித்தார். நான்கு ஓட்டையும் சேர்ந்து இழுத்தன.

அவள் போனதும், சொந்தப் பொறுப்பில் வெளியே போக வழி உண்டா என்று விசாரித்தார். உண்டு. பதினோரு கையெழுத்து. பதினோராவது ஆள் திங்கட்கிழமைதான் வருவார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஊசித் தட்டோடு நர்சம்மா வந்தார். இருபது வருஷம் இதே வார்டில் நடந்து தேய்ந்த செருப்பு. ஊசியை எடுத்தவர், கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன். கடைக்காரரா சொல்லாதீங்க. நிஜமா எவ்வளவு வலிக்குது?"

கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். அசல் விலையை வெளியே சொல்வது அவருக்கு வேட்டி இல்லாமல் நிற்பது மாதிரி.

"மூணு," என்றார், குரலைத் தாழ்த்தி. "எழுந்திரிச்சா நாலு."

"அந்த மூணை ரெண்டு நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"கொறைப்பாங்கன்னு நெனச்சேன் சிஸ்டர்."

நர்சம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார்: "மூணுக்கு சாதா மாத்திரை போதும். நேரத்துக்குப் போட்டுக்கிட்டு நடங்க. நடந்தா தோள் வலியும் போகும், குடலும் முழிக்கும். டூட்டி டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஊசி வேணாம்னு மட்டும் நீங்க சொல்லணும்."

"அதுக்குப் படிவம்?"

"அதுக்குப் படிவமே கிடையாது. அதனாலதான் யாராலயும் தடுக்க முடியாது."

கடைக்காரர் ஊசி வேண்டாம் என்றார். சாதா மாத்திரை போட்டுக்கொண்டார். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மதியம் வாக்கில் கூரை தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது, பரணில் யாரோ அண்டாவை நகர்த்துகிற மாதிரி. தையல்காரர் கட்டிலிலிருந்தே கேட்டுவிட்டு, "வருது அண்ணே, விட்டுடாதீங்க," என்றார். "இல்ல, விடுங்க."

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், அது போயிற்று. முதலில் தயங்கி, பிறகு நம்பிக்கையோடு, கடைசியில் குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதுபோல.

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "போச்சா அண்ணே?"

"போச்சும்மா!"

"நல்லா இருங்க," என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்குத் தெரியும், அந்த வார்டில் அதைவிடப் பெரிய சேதி கிடையாது.

எட்டரை மணிக்குக் குடல் அதிகாரி வந்தார். கடைக்காரர் கட்டிலில் தலைவாரி உட்கார்ந்திருந்தார். பை கட்டியாகிவிட்டது.

"யாரு முன்னால போச்சு?"

"அந்தத் துடைக்கிற அம்மா முன்னால."

"அவங்க தரைப் பிரிவு."

"காது இருக்கே அவங்களுக்கு?"

"இருக்கு. அங்கீகரிக்கப்பட்ட காது இல்ல." அதிகாரி மணியைப் பார்த்தார். "இன்னொண்ணு விடுங்க. நான் நிக்கறேன்."

நின்றார். கையில் பேனா, கண் கடிகாரத்தில். கடைக்காரர் முயன்றார். அந்த நிலையில் யாராலும் முடியாது. அதிகாரியைப் பார்த்ததும் உள்ளே வந்துகொண்டிருந்ததும் திரும்பிப் போய்விட்டது.

"வரலை. சாயங்காலம் பாப்போம்."

"அம்மா, பதினோரு மணிக்கு எம் பொண்ணுக்கு ரயில். ஒன்பது மாசம் கழிச்சுதான் வருவா."

அவர் முகம் ஒரு வினாடி மனித முகமாயிற்று. "எனக்கும் பொண்ணு இருக்கா சார். ஆனா சாட்சி இல்லாம நான் எழுத முடியாது. இன்னைக்கு ஆய்வுக் குழு வேற வருது."

ஒன்பதே காலுக்கு ஆய்வுக் குழு வந்தது. 'வலியில்லா வளாகம்' என்ற பலகையை இந்த மருத்துவமனைக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க பதினான்கு பேர். முன்னால் இயக்குநர். நல்ல உயரம், நல்ல கோட், காலையிலிருந்து ஐந்து கோப்பை காபி. வார்டின் நடுவில் மேஜையும் ஒலிபெருக்கியும் போட்டிருந்தார்கள். நோயாளிகளை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். இயக்குநர் வாயில் சூயிங்கம் போட்டு முதலில் தானே மென்று காட்டினார். பிறகு பேசினார்.

"பெரியோர்களே! இந்த வளாகத்தில் வலி இல்லை. வலி இருந்தவர்களை நேற்றே அடுத்த கட்டடத்துக்கு மாற்றிவிட்டோம்."

கைதட்டல்.

"நோயாளி சொல்வதை நாங்கள் முழுமையாக நம்புகிறோம். அதனால்தான் அவர்களை எண்ணில் மட்டும் பேச அனுமதிக்கிறோம். வார்த்தையில் பேசவிட்டால் நேரம் ஆகிறது."

கைதட்டல்.

"குடல் மீட்பில் நாங்கள் நூற்றுக்கு நூறு. மீளாத குடல் ஒன்றுகூட இந்த வாசலைத் தாண்டியதில்லை. எத்தனை வாரமானாலும் சரி, நாங்கள் வைத்துக்கொள்வோம். வெளிப்படைத்தன்மையே எங்கள் உயிர்மூச்சு. இங்கே எதுவும் மறைவாக வெளியேறாது. எதுவாக இருந்தாலும்—"

இந்த இடத்தில் அது கேட்டது.

சின்னது என்று சொல்ல முடியாது. ஒலிபெருக்கிக்கு மிக அருகில் என்பதால் வார்டின் கடைசி ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. ஐந்து கோப்பை காபியும் ஒரு சூயிங்கமும் ஒரு குடலுக்கு என்ன செய்யும் என்பதை அந்த மருத்துவமனை இதைவிடத் தெளிவாக நிரூபித்ததில்லை.

பதினான்கு பேரும் கூரையைப் பார்த்தார்கள். வலி அதிகாரி தன் காலணியைப் பார்த்தார். இயக்குநரின் காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து. மெல்வது நின்றுவிட்டது.

கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நாற்பத்தேழு. முப்பது வருஷம் கல்லாவில் இருந்தவருக்கு, எதிரே நிற்பவனுக்கு ஒரு சரக்கு எவ்வளவு அவசரமாகத் தேவை என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். கையைத் தூக்கினார்.

"மன்னிக்கணும். என்னுதுதான் சார்."

இயக்குநர் திரும்பினார். மூழ்குகிறவன் கட்டையைப் பார்க்கிற பார்வை.

"ஆனா," என்றார் கடைக்காரர், "பதிவாகணும்."

குடல் அதிகாரி நேர்மையானவர். "சார், சத்தம் வந்த திசை..." என்று ஆரம்பித்தார்.

"திசை உங்க பிரிவு இல்ல!" என்றார் இயக்குநர். "எழுதுங்கம்மா. நேரம் ஒன்பது நாப்பத்தி ஏழு. சாட்சி நான். இதோ, பதினாலு பேர். இதைவிட அங்கீகரிக்கப்பட்ட காது எங்க கிடைக்கும்? பாருங்க பெரியோர்களே, எங்க திட்டம் உங்க கண் முன்னாலயே பலன் குடுத்திருக்கு!"

கைதட்டல், இந்த முறை நிம்மதியோடு.

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து இன்னொரு கை எழுந்தது.

"சார்," என்றார் தையல்காரர், "அதுல பாதி என்னுது. சேந்துதான் விட்டோம்."

இயக்குநர் அவரைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். ஆய்வுக் குழுவைப் பார்த்தார். "கூட்டு முயற்சி," என்றார். "ரெண்டு பேருக்கும் எழுதுங்க."

மூன்று முத்திரைகளும் இரண்டு தாளில் விழுந்தன. நர்சம்மா வந்து இருவர் கையிலும் இருந்த ஊசிக் குழாயைக் கழற்றினார். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. தரை துடைக்கிற அம்மா வாளியோடு வாசலில் நின்றார். கடைக்காரர் அவரைக் கடக்கும்போது, "நிஜமான சாட்சி நீங்கதாம்மா," என்றார்.

"நானு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணே," என்றார் அவர்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு ரயில் நிலையம். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு மூச்சாகப் பாலம் ஏறி இறங்கினார். மகள் பெட்டி வாசலில் நின்று பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா! விட்டாங்களா?"

"இயக்குநரே விட்டாரும்மா," என்றார் மனைவி. அதற்குமேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கட்டிப்பிடிக்கக் கூடாது, நான்கு காஜாவும் பிரிந்துவிடும். அவள் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "முழுசா வந்திருக்கீங்க," என்றாள். "பாதி இல்ல."

"கப்பல்ல நேரத்துக்குச் சாப்பிடு," என்றார். வேறு ஒன்றும் வரவில்லை. வண்டி நகர்ந்தது. கை தூக்கினால் தோள் வலிக்கும். தூக்கினார். கடைசிப் பெட்டி வளைவில் மறையும் வரை இறக்கவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. மருத்துவமனை. பதிவு செய்யப்பட்ட குரல் இல்லை, வலி அதிகாரியே பேசினார். 'வலியில்லா வளாகம்' பலகை கிடைத்துவிட்டதாம், குரலில் கல்யாண வீடு.

"வெளியேறிய ஒரு மணி நேரத்துல கேக்கணும்னு விதி சார். இப்ப வலி எவ்வளவு?"

கடைக்காரர் தண்டவாளத்தைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

"பத்து," என்றார்.

அந்தப் பக்கம் பேனா உருள்கிற சத்தம். "பத்தா? சார்... எங்க?"

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஓர் எண்ணைக் கூட்டாமல், குரலையும் தாழ்த்தாமல் சொல்லியிருந்தார்.

"அது உங்க பிரிவு இல்ல சார்," என்று சொல்லி போனை வைத்தார். மனைவி தோளைத் தாங்கிக்கொள்ள, பாலத்தின் முதல் படியில் கால் வைத்தார். வைத்ததும் இன்னொன்று போயிற்று, தாராளமாக, எந்தச் சாட்சியும் இல்லாமல்.

"ஏங்க!" என்றார் மனைவி.